கூகை கக்கிய எலும்பை ஏன் எண்ணுகிறார்கள்? செம்பனைத் தோட்டத்து ஆராய்ச்சி சொல்வதும் சொல்லாததும்

தங்கா பத்துவிலிருந்து மஸ்ஜித் தானா பக்கமோ, அலோர் காஜா பக்கமோ இரவில் காரில் போயிருக்கிறீர்களா? இருபுறமும் செம்பனை நிற்கும் ஓர் இடத்தில், விளக்கு வெளிச்சத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று, சத்தமே இல்லாமல் ரோட்டைக் கடந்து போகும். பின்சீட்டில் பாட்டி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சாமி பெயரைச் சொல்லியிருப்பார். நீங்கள் போனை எடுப்பதற்குள் அது மறைந்திருக்கும்.

அதுதான் கூகை. ஆங்கிலத்தில் பார்ன் அவுல், மலாயில் புருங் புங்கோக் ஜெலாபாங். 'ஜெலாபாங்' என்றால் நெல் களஞ்சியம், ஆங்கிலப் பெயரில் இருக்கும் 'பார்ன்' போலவே. தமிழில் கூகை என்ற சொல் சங்க காலத்திலேயே உண்டு. புறநானூற்றில் கூகைக் கோழியார் என்ற பெயரில் ஒரு புலவரே இருக்கிறார். ஆனால் தோட்டத்தில் புழங்கும் பெயர் வேறு: சாவுக்குருவி. இந்தப் பறவை மற்ற ஆந்தைகளைப் போல அலறாது. கீச்சென்று இழுத்துக் கத்தும், பெட்டிக்குள் குஞ்சுகள் புஸ் புஸ் என்று சீறும். நள்ளிரவில் லயத்துக் கூரையிலிருந்து அந்தச் சத்தம் வந்தால் பயம் வரத்தான் செய்யும். பாட்டியைக் குறை சொல்ல முடியாது.

இந்தக் கட்டுரை அந்தப் பயத்தைப் பற்றியது அல்ல. ஒரு முதுகலை மாணவரோ முனைவர் பட்ட மாணவரோ, இந்தப் பறவை கக்கிப் போட்ட உருண்டைகளைப் பை பையாகப் பொறுக்கி, ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து எலும்பு எண்ணுகிறாரே, அது எதற்கு? அதிலிருந்து என்ன தெரிகிறது? எது தெரியாமலே இருக்கிறது? இந்தக் கேள்விகளின் பதிலைப் பொறுத்துத்தான் ஒரு தோட்டம் எலிக்கு விஷம் வைப்பதா, எந்த விஷம் வைப்பது, எவ்வளவு நாள் வைப்பது என்பதெல்லாம் முடிவாகிறது.

முதலில், எலி ஏன் இவ்வளவு பெரிய விஷயம்?

மலாக்காவின் தோட்டக் கதை ரப்பரில் தொடங்குகிறது. 1896-இல் தான் சாய் யான் என்ற மலாக்கா வணிகர் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் ரப்பர் நட்டார். அதன் பின்னால் வந்த தோட்டங்களில்தான் நம்மில் பலருடைய கொள்ளுத் தாத்தாக்கள் பால் வெட்டினார்கள். 1960-களுக்குப் பிறகு நாடு முழுக்க ரப்பர் மரங்கள் சாய்ந்து அந்த இடத்தில் செம்பனை வந்தது. மனிதர்களுக்கு அது வேலை மாற்றம். எலிகளுக்கோ அது நல்ல காலம். ரப்பர் மரத்தில் எலி தின்ன பெரிதாக ஒன்றும் இல்லை. செம்பனையில் வருடம் முழுக்கப் பழம். வெட்டிப் போட்ட மட்டைக் குவியல் எலிக்கு வீடு, உதிரிப் பழம் சாப்பாடு.

தீபகற்ப மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் முக்கியமான எலி, ரேட்டஸ் தியோமானிக்கஸ் என்ற மலாயாக் காட்டெலி. ஜோகூர்த் தோட்டமொன்றில் பல ஆண்டுகள் எலிகளைப் பிடித்து, அடையாளமிட்டு, திரும்ப விட்டு எண்ணிய பி. ஜே. உட் குழுவினர், ஒரு ஹெக்டரில் 200 முதல் 600 எலி வரை இருக்கலாம் என்று காட்டினார்கள். ஒரு ஹெக்டர் என்பது ஏறக்குறைய ஒரு கால்பந்துத் திடலும் அதைச் சுற்றி இருக்கும் கொஞ்சம் இடமும். அதில் 600 எலி. எலியால் வரும் எண்ணெய் இழப்பு 5 விழுக்காடு வரை போகும் என்பது இத்துறையில் அடிக்கடி சொல்லப்படும் மதிப்பீடு.

ஆந்தை எப்போது வந்தது?

பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: கூகை இந்தத் தீபகற்பத்தில் ஒரு காலத்தில் அபூர்வமான பறவை. 1960-களின் இறுதியில்தான் ஜோகூர் செம்பனைத் தோட்டமொன்றில் அது கூடு கட்டியது முதன்முதலாகப் பதிவானது. செம்பனை பரவப் பரவ, அதன் பின்னாலேயே கூகையும் பரவியது.

அந்தச் சமயத்தில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் லெண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் இந்தப் பறவையைத் தன் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். தீபகற்பத்துக் கூகைகளின் வாழ்க்கை முறையும், எலி ஒழிப்பில் அவற்றின் பயனும்: இதுதான் அவருடைய தலைப்பு. ஆய்வேடு 1980-இல் முடிந்தது. அதன் முக்கியப் பகுதி 1984-இல் ஐபிஸ் என்ற பறவையியல் இதழில் வந்தது. இன்றைக்கும் மலேசியக் கூகையைப் பற்றி யார் எழுதினாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு மாணவருடைய ஆய்வேடு தாங்கி நிற்கிறது என்றால் சும்மா இல்லை.

லெண்டன் காட்டிய விஷயம் எளிது. இந்தக் கூகைகள் தின்பதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் எலி. கோழிக்குஞ்சு அல்ல, புறா அல்ல, எலி. தோட்ட நிர்வாகங்களின் காதில் அது விழுந்தது. 1980-களிலிருந்து பெட்டிகள் வந்தன. செம்பனையில் பொந்து இருக்காது என்பதால், பத்துப் பன்னிரண்டு அடிக் கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டி. 5 முதல் 10 ஹெக்டருக்கு ஒன்று என்பது வழக்கமான கணக்கு. தோட்டத்து வழியில் போகும்போது புறாக்கூடு மாதிரி ஒன்று தனியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

உருண்டைக்குள் என்ன?

கூகை எலியை மெல்லாது. முடிந்தவரை முழுசாக விழுங்கும். சதை செரித்துவிடும், முடியும் எலும்பும் செரிக்காது. வயிற்றில் அவை உருண்டையாகச் சுருண்டு, சில மணி நேரத்தில் வாய் வழியே வெளியே வரும். கட்டைவிரல் அளவில், கறுப்பாக, பளபளப்பாக இருக்கும். இது எச்சம் அல்ல, கக்கல். நாறுமா என்று எல்லோரும் கேட்பார்கள். புதிதாக இருந்தால் கொஞ்சம் வீசும், காய்ந்தது அவ்வளவாக நாறாது.

மாணவர் செய்யும் வேலை இதுதான். பெட்டிக்குக் கீழே விழுந்த உருண்டைகளைத் தேதியும் பெட்டி எண்ணும் எழுதிய பையில் போடுவார். அடுப்பில் வைத்துக் காயவைப்பார். பிறகு தண்ணீரில் ஊறவைத்து, இடுக்கியால் முடியையும் எலும்பையும் பிரிப்பார். மண்டை ஓடு, கீழ்த்தாடை இரண்டையும் தேடுவார். ஓர் இடது தாடையும் ஒரு வலது தாடையும் சேர்ந்தால் ஓர் எலி. பல் வரிசையின் நீளத்தையும் மண்டை ஓட்டின் வடிவத்தையும் வைத்து அது காட்டெலியா, வயல் எலியா, மூஞ்சூறா என்று சொல்லிவிடலாம். தாடையின் அளவிலிருந்து எலியின் எடையையே கணக்கிடலாம். ஒரு பறவையைக்கூடப் பிடிக்காமல், தொந்தரவு பண்ணாமல், அது மாதக்கணக்கில் தின்றதற்கு ஒரு பட்டியல் கிடைக்கிறது. வனவிலங்கு ஆராய்ச்சியில் இவ்வளவு மலிவான, இவ்வளவு நம்பகமான முறை அதிகம் இல்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். எந்தப் பெட்டியில் ஆந்தை இருக்கிறது என்று மாணவருக்கு முதலில் தெரியாது. குலை வெட்டுபவர்களுக்கும் உதிரிப் பழம் பொறுக்குபவர்களுக்கும் தெரியும். கம்பத்தில் வெள்ளையாக வழிந்த எச்சம், அடியில் கிடக்கும் உருண்டை, சாயங்காலம் கேட்கும் சீறல் எல்லாம் அவர்கள் தினமும் பார்ப்பது, கேட்பது. ஆய்வேட்டின் நன்றியுரையில் 'தோட்டத் தொழிலாளர்களுக்கு' என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரி போதாது என்பது என் கருத்து.

இந்த முறை தமிழ்நாட்டிலும் பயன்பட்டது. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் காவிரிப் பாசன வயல்களில் கூகையின் உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். அங்கே நெல் வயலைக் கெடுக்கும் பெருச்சாளி இனமும் சுண்டெலியும் கிடைத்தன. ஊர் மாறினால் எலி மாறும். பறவையின் வேலை மாறவில்லை.

பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகக் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். அவர்கள் தங்கள் வளாகத்துக்கே, அதாவது நகரத்துக்குள்ளேயே, கூகைகளைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்தார்கள். செம்பனைத் தோட்டத்தில் கூகையின் உணவில் எடைக் கணக்கில் 99 விழுக்காட்டுக்கு மேல் காட்டெலி. நெல் வயலில் 98 விழுக்காடு வயல் எலி. வளாகத்தில்? சாக்கடை எலி 65 விழுக்காடு, மூஞ்சூறு 30 விழுக்காடு, மிச்சத்தில் அணில். பிள்ளையார் வாகனத்தைத் தின்கிறது என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் தாமான் பின்சந்துக் குப்பைத் தொட்டியில் ஓடுவது பெரும்பாலும் அந்த 65 விழுக்காட்டுக்காரர்தான்.

அப்படியென்றால் ஆந்தை இருந்தால் எலி ஒழிந்துவிடுமா?

பலரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். கூகை எலி தின்கிறது என்பது ஒரு விஷயம். கூகையால் எலி குறைகிறது என்பது வேறு விஷயம். உருண்டை முதலாவதுக்குத்தான் சாட்சி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளர்ந்த கூகை ஓர் இரவில் ஒன்றிரண்டு எலி தின்னும். ஒரு ஜோடி, அதன் குஞ்சுகளின் பங்கு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஆயிரம் எலி என்று குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டிக்கு 10 ஹெக்டர். ஹெக்டருக்கு 300 எலி என்றால் அந்த இடத்தில் 3,000 எலி. ஆயிரம் போனால் மீதி இரண்டாயிரம் சும்மா உட்கார்ந்திருக்காது, குட்டி போடும். ஆந்தை தோற்றுப்போகும். அதே இடத்தில் ஹெக்டருக்கு 50 எலிதான் என்றால் மொத்தம் 500. இப்போது அதே ஜோடி, எண்ணிக்கை ஏறவிடாமல் பிடித்து வைக்க முடியும். ஆந்தை ஏறிப்போன எலியை இறக்கும் கருவி அல்ல, இறங்கிய எலியை ஏறவிடாமல் வைக்கும் காவல். அதனால்தான் பல தோட்டங்களில் முதலில் விஷம் வைத்து எலியைக் குறைத்துவிட்டு, பிறகு பொறுப்பை ஆந்தையிடம் விடச் சொல்கிறார்கள்.

இன்னொரு திருப்பமும் உண்டு. கூகை வழக்கமாக 4 முதல் 7 முட்டை இடும். எல்லாம் ஒரே நாளில் பொரிக்காது. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகப் பொரிக்கும். அதனால் ஒரே பெட்டியில் பெரிய அண்ணனும் குட்டித் தம்பியும் இருப்பார்கள். சாப்பாடு குறைந்தால் தம்பி பிழைக்க மாட்டான். இப்போது யோசியுங்கள்: பெட்டி நிறையக் குஞ்சு, எல்லாம் கொழுகொழுவென்று இருந்தால் என்ன அர்த்தம்? அந்த இடத்தில் எலி ஏராளமாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். 'எங்கள் பெட்டிகளில் ஆந்தை நிறைய' என்பது வெற்றி அறிக்கை மாதிரித் தெரியும். பாதி நேரம் அது எலிகளின் அறிக்கை.

2003-இல் உட், சுங் கெய்ட் ஃபீ இருவரும் 1960-களிலிருந்து மலேசிய விவசாயத்தில் நடந்த எலிக் கட்டுப்பாட்டை மறு ஆய்வு செய்தபோது, ஆந்தை விஷயத்தில் எச்சரிக்கையாகத்தான் பேசினார்கள். ஆந்தை வைத்த பகுதி, வைக்காத பகுதி என்று முறையாகப் பிரித்து நீண்ட காலம் ஒப்பிட்ட ஆய்வு குறைவு. அது லேசில் நடக்காது. ஆந்தை வேலி பார்த்துப் பறக்காது. 'ஆந்தை இல்லாத' பகுதிக்கும் ராத்திரி போய்வரும். பெரிய இடம், பல வருடம், நிர்வாகத்தின் பொறுமை மூன்றும் வேண்டும். முதுகலை மாணவருக்கு இரண்டு வருடம்தான் கையில் இருக்கிறது. அதனால்தான் உருண்டை ஆய்வு நிறைய இருக்கிறது, ஒப்பீட்டு ஆய்வு குறைவாக இருக்கிறது.

விஷத்தில் என்ன சிக்கல்?

தோட்டங்களில் வைக்கும் எலி விஷம் பெரும்பாலும் ரத்தம் உறையாமல் செய்யும் வகை. ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். அதை உடல் மறுபடி பயன்படுத்த முடியாமல் இந்த மருந்து தடுக்கிறது. எலிக்கு உள்ளுக்குள் ரத்தம் கசியும், சில நாளில் சாகும். அந்தச் சில நாள்தான் பிரச்சினை. தள்ளாடி நடக்கும் எலி ஆந்தைக்குச் சுலபமான இரை.

முதலில் வந்தது வார்ஃபரின். இது உடம்பில் அதிக நாள் தங்காது, ஆந்தைக்கு ஆபத்து குறைவு. ஆனால் 1980-களில் வார்ஃபரினுக்குச் சாகாத எலிகள் இங்கே தென்படத் தொடங்கின. பிறகு வந்தவை புரோடிஃபாகும், புரோமாடியோலோன் போன்ற 'இரண்டாம் தலைமுறை' விஷங்கள். ஒரே முறை தின்றாலே போதும். ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். விஷம் தின்ற எலிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்னும் ஆந்தையின் ஈரலில் அது சேர்ந்துகொண்டே போகும்.

தோட்டத் துறையைச் சேர்ந்த ஜே. இ. டக்கெட் 1984-இலேயே இதை எழுதிவிட்டார். வார்ஃபரினை விட்டுப் புதிய விஷங்களுக்கு மாறிய ஒரு தோட்டத்தில், ஏறக்குறைய 20 ஜோடிக் கூகைகள் இரண்டரை ஆண்டுகளில் கிட்டத்தட்டத் துடைத்தெடுக்கப்பட்டன. எலியைக் கொல்ல வைத்தது எலி பிடிப்பவரைக் கொன்றது.

சாகாவிட்டாலும் சேதம் உண்டு. ஹஸ்பர் சலீமும் சக ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, செத்த ஆந்தையைத் தேடவில்லை. உயிரோடு இருக்கும் ஆந்தையின் குடும்பத்தைப் பார்த்தது. பழைய வகை விஷம் ஒரு பகுதியில், புரோமாடியோலோன் இன்னொரு பகுதியில், மூன்றாவதில் விஷமே இல்லை. பெட்டிகளைத் தொடர்ந்து பார்த்து முட்டை, பொரித்தது, பறந்தது எல்லாவற்றையும் எண்ணினார்கள். விஷம் வைத்த இரண்டு இடத்திலும் இனப்பெருக்கம் குறைவு. இரண்டாம் தலைமுறை விஷம் வைத்த இடத்தில் இன்னும் மோசம். 'என் தோட்டத்தில் ஆந்தை சாகவில்லையே' என்று சொல்லும் நிர்வாகிக்கு இது பதில். அடுத்த தலைமுறை வரவில்லை என்றால், சில வருடம் கழித்துப் பெட்டி காலியாகத்தான் கிடக்கும்.

பகலில் பறப்பவை?

கூகை மட்டும்தான் மலாக்காவின் இரைக்கொல்லிப் பறவை என்று நினைத்துவிடாதீர்கள். மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம், நெகிரி செம்பிலானுக்குள் போர்ட் டிக்சன் பக்கம் இருக்கிறது: தஞ்சோங் துவான், கலங்கரை விளக்கம் இருக்கும் முனை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுமத்திராவிலிருந்து வடக்கே திரும்பும் பருந்துகள் அங்கேதான் கரை சேரும், பெரும்பாலும் தேன் பருந்து. அகன்ற இறக்கைப் பறவைகள் நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றில் ஏறித்தான் மிதக்கும். கடல் மேல் அந்தக் காற்று கிடைக்காது. அதனால் நீரிணை குறுகும் இடமாகப் பார்த்து, ரூபாட் தீவிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டரை இறக்கை அடித்தே கடக்கின்றன. களைத்துப் போய்த் தாழ்வாக வருவதால் பைனாகுலர் இல்லாமலே பார்க்கலாம். மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே பருந்து பார்க்கும் நிகழ்வை நடத்தி வருகிறது. மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கினால் போதும்.

எனக்கும் ஆசை என்றால்?

உயிரியல் அல்லது விவசாய அறிவியல் பட்டம் இருந்தால், ஆராய்ச்சி வழி முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். முதலில் மேற்பார்வையாளரைத் தேடுங்கள், பிறகு தலைப்பை. பாதுகாக்கப்பட்ட உயிரினம் என்பதால் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். இரண்டுக்கும் மாதங்கள் ஆகும், அதை இரண்டு வருடக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏணி ஏறப் பயம் இருக்கக் கூடாது. தோட்டத்தில் வளர்ந்தவர் என்றால் உங்களுக்கு ஒரு வசதி: யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும், அதைத் தமிழிலேயே கேட்கலாம்.

வீட்டு அளவில் செய்யக்கூடியதும் இருக்கிறது. பக்கத்தில் கூகை இருப்பது தெரிந்தால், கடையில் எலி விஷம் வாங்கும்போது டப்பாவில் மருந்தின் பெயரைப் படியுங்கள். புரோடிஃபாகும், புரோமாடியோலோன் என்று இருந்தால் வைத்துவிட்டுப் பொறி வாங்குங்கள். செத்த எலியைச் சந்தில் எறியாமல் புதையுங்கள். கூகைக் குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் பாலோ சோறோ கொடுக்காதீர்கள். காயம் இல்லை என்றால் பெட்டியிலேயே திரும்ப வைக்கலாம். தாய் விட்டுவிட்டுப் போகாது. காயம் இருந்தால் காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்துப் பெர்ஹிலித்தானைக் கூப்பிடுங்கள். எடுக்கும்போது கனத்த துணி சுற்றிக்கொள்ளுங்கள். நகம் ஊசி மாதிரி இருக்கும், அது உங்களையும் எலி என்றுதான் நினைக்கும்.